‘வெள்ளெழுத்துதானே’ என்று விட்டால்… ஆரணி நெசவாளர்களின் கண்ணில் ஒளிந்திருக்கும் சுகரும் பிபியும்

ஆரணியில் நாற்பதைத் தாண்டிய பட்டு நெசவாளர் ஒருவர், “பாவுல இழை அறுந்தா முன்ன மாதிரி சட்டுன்னு கண்ணுல பட மாட்டேங்குது” என்று வீட்டில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில் தயாராக இருக்கும்: “வயசாச்சில்ல, வெள்ளெழுத்துதான். கண்ணாடி மாத்துனா சரியாயிடும்.” சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் மகனோ மகளோ அன்றைக்கே போனில் பணம் அனுப்பிவிடுவார்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து, இரண்டு நாளில் புதுக் கண்ணாடி வந்துவிடும். விஷயம் முடிந்தது.

இந்தப் பதில் பெரும்பாலும் சரிதான். சிக்கலே அதில்தான் இருக்கிறது. நிறைய பேருக்குச் சரியாக இருப்பதால், சரியாக இல்லாத மீதிப் பேருக்கும் அதே பதில் கொடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த மீதிப் பேருக்கு நோய் தொடங்கிய இடம் கண் இல்லை. ரத்தச் சர்க்கரையிலோ, ரத்த அழுத்தத்திலோ, சிறுநீரகத்திலோ, மூட்டிலோ தொடங்கிய ஒன்று கண்ணில் வந்து நிற்கிறது. அதைக் கண்ணாடிக் கடையின் எழுத்துப் பலகை காட்டிக்கொடுக்காது.

வெள்ளெழுத்தைச் சும்மா ஒதுக்கிவிடவும் முடியாது. நாற்பது வயதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகுவதால் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் நடப்பது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த இலை பறிக்கும் தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது; 2018-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியானது. வெறும் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்ததற்கே, கொடுக்காதவர்களைவிட அவர்களுடைய உற்பத்தி சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிப்பதற்கே இப்படி என்றால், சரிகையும் பட்டும் சேரும் இடத்தில் ஒற்றை இழை தவறினாலும் சேலையில் பழுது விழும் தொழிலுக்குக் கண்ணாடி எவ்வளவு முக்கியம் என்று சொல்லவே வேண்டாம். ஆக, கண்ணாடி தேவை. ஆனால் கண்ணாடி மட்டும் போதும் என்று நினைப்பதுதான் தப்பு.

பவர் மாறிக்கிட்டே இருக்கா?

சர்க்கரை நோய் கண்ணில் காட்டும் முதல் விளையாட்டு பலருக்குத் தெரியாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கண் லென்ஸில் நீர் கோத்து அதன் வடிவம் மாறுகிறது. இதனால் தூரத்தில் இருப்பது மங்கும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தவருக்கோ கிட்டத்தில் இருப்பது கண்ணாடி இல்லாமலே தெரியத் தொடங்கும். தறியில் உட்காரும் ஒருவருக்கு இது நல்ல சேதி போலத் தோன்றும். “எனக்குக் கண்ணு திரும்பி வந்துடுச்சு” என்று சந்தோஷப்படுகிறவர் உண்மையில் போக வேண்டிய இடம் ரத்தப் பரிசோதனை நிலையம்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டு மாத்திரை ஆரம்பித்ததும், வீங்கிய லென்ஸ் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்தச் சில வாரங்களில் கிட்டப் பார்வை திடீரென்று மங்கும். பாவு இழை தெரியாது, ஊசியில் நூல் கோக்க முடியாது. நெசவாளருக்கு அது நேரடியாகக் கூலியில் கை வைக்கிற விஷயம். “மாத்திரை போட ஆரம்பிச்சதும் கண்ணு கெட்டுப்போச்சு” என்று அவர் மாத்திரையை நிறுத்தினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ‘கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும், சர்க்கரை நிலையானதும் சரியாகும், அதுவரை புதுக் கண்ணாடிக்குச் செலவு செய்யாதீர்கள்’ என்று மாத்திரை எழுதிக்கொடுக்கும்போதே ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் இரண்டு முறை பவர் மாறினால் கண்ணாடிக் கடைக்காரரே “சுகர் பார்த்தீங்களா?” என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

கத்தி வைக்காமல் ரத்தக் குழாயைப் பார்க்கும் இடம்

லென்ஸ் முன்பக்கத்துக் கதை. உண்மையான ஆபத்து பின்பக்கத்தில், விழித்திரையில் இருக்கிறது.

1851-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்மணி வழியாக ஒளியைச் செலுத்தி விழித்திரையைப் பார்க்கும் கருவியை உலகுக்கு அறிவித்தார். அதுவரை உயிரோடு இருக்கும் மனிதனின் விழித்திரை ரத்தக் குழாய்களைத் தெளிவாக நேரில் பார்க்க மருத்துவர்களுக்கு வழி இருக்கவில்லை. இன்றைக்கும் உடலின் ரத்தக் குழாய்களை அறுக்காமல் நேரில் பார்க்கக்கூடிய முக்கியமான இடம் விழித்திரை. மூளையிலும் சிறுநீரகத்திலும் இருக்கும் நுண்குழாய்களுக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அங்கே ஒரு சாம்பிள் கிடைக்கிறது.

அந்த நுண்குழாய்கள் எவ்வளவு மெல்லியவை? பட்டுக்கூட்டிலிருந்து உரித்தெடுக்கும் ஒற்றை இழையைவிட மெலிந்தவை. ரத்தச் சிவப்பணு ஒன்று ஒடுங்கித்தான் அதற்குள் போக முடியும். சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அதிகமாக இருந்தால், இந்தக் குழாய்களின் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் முதலில் சாகின்றன. தாங்கல் போன இடத்தில் சுவர் குமிழ்போலப் புடைக்கிறது. அங்கிருந்து நீரும் கொழுப்பும் கசிகின்றன. கசிவு விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவைத் தொட்டால், நேராகப் பார்க்கும் பார்வை மங்குகிறது. சில குழாய்கள் அடைத்துப்போகின்றன. ரத்தம் கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லி ரசாயனச் சமிக்ஞை அனுப்புகிறது. புதுக் குழாய் வருவது நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் அவை அவசரத்தில் முளைத்த பலவீனமான குழாய்கள்; ஒரு நாள் சட்டென்று உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசிந்து நிறையும். பின்னர் வடுவாகிச் சுருங்கி விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடும்.

இதில் பலரை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. உடையும் நாள் வரைக்கும்கூட எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தப்பில்லாமல் வாசிக்க முடிகிறவர்கள் இருக்கிறார்கள். வலி கிடையாது, சிவப்பு கிடையாது, நீர் வடிவது கிடையாது. “எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டாக்டர்?” என்ற கேள்விக்கான பதில் இதுதான்.

எத்தனை பேருக்கு? 2022-இல் வெளியான ‘ஸ்மார்ட் இந்தியா’ ஆய்வு, நாட்டின் பல மாநிலங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. 4 சதவீதம் பேருக்குப் பார்வையே பறிபோகும் கட்டம். சதவீதமாகப் பார்த்தால் சின்ன எண். ஆனால் 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. அந்த 4 சதவீதத்தை இதன் மேல் வைத்துப் பார்த்தால், எண்ணிக்கை பல லட்சங்களைத் தாண்டிப் போகும்.

தடுக்க முடியாததா என்றால், இல்லை. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 1993-இல் முடிவு வந்த டிசிசிடி ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகைக்கு பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. கூடவே ரத்த அழுத்தத்தைக் குறைப்பதும் விழித்திரையைக் காப்பாற்றுகிறது என்று நிறுவியது. பாதிப்பு வந்த பிறகும் லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றும் சிகிச்சைகள். போனதை முழுதாகத் திருப்பித் தருவது அரிது.

இளைய வாசகர்களுக்கு இங்கே ஒரு தகவல். எடை குறைப்புக்காக இப்போது அதிகம் பேசப்படும் செமாகுளுடைடு மருந்தின் 2016-ஆம் ஆண்டு ஆய்வில், மருந்து எடுத்த சர்க்கரை நோயாளிகளில் 3 சதவீதம் பேருக்கு விழித்திரைச் சிக்கல் வந்தது, எடுக்காதவர்களில் 1.8 சதவீதம். பல ஆண்டு உயர்ந்திருந்த சர்க்கரை மிக வேகமாக இறங்குவதுதான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அந்த ஊசியைத் தொடங்குவதாக இருந்தால், முன்னதாக விழித்திரையைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

தமனியும் சிரையும் குறுக்கிடும் இடத்தில்

ரத்த அழுத்தம் கண்ணில் செய்வதை ஒரு நெசவாளருக்கு விளக்குவது மற்றவர்களுக்கு விளக்குவதைவிடச் சுலபம். விழித்திரையில் தமனிகளும் சிரைகளும் பாவும் ஊடையும் போல ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகின்றன. குறுக்கிடும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உறைதான். ஆண்டுக்கணக்கான அழுத்தத்தில் தமனியின் சுவர் தடித்து இறுகும்போது, அது பக்கத்துச் சிரையை நசுக்குகிறது. ஒரு கட்டத்தில் அங்கே ரத்தம் உறைந்து சிரை அடைபடும். அதற்குப் பின்னால் உள்ள பகுதி முழுக்க ரத்தக் கசிவு. பெரும்பாலும் தூங்கி எழும்போதுதான் தெரியவரும்: ஒரு கண்ணில் மேல் பாதியோ கீழ் பாதியோ மங்கல்.

தடித்த தமனிகள் வெளிச்சத்தில் மின்னும் விதத்தை வைத்து மருத்துவர்கள் அவற்றுக்குச் ‘செம்புக் கம்பி’, ‘வெள்ளிக் கம்பி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சரிகை நெய்யும் ஊரில் இந்தப் பெயர்களுக்குத் தனியாக விளக்கம் வேண்டியதில்லை. என்ன, சேலையில் வெள்ளி கூடினால் விலை கூடும். கண்ணில் வெள்ளி மின்னினால் மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய யோசனை வர வேண்டும்.

ஐசிஎம்ஆர் ஆய்வின் அதே கணக்கில், இந்தியப் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். மூன்றில் ஒருவர். முப்பது வயதில் ஐடி கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் இந்தக் கணக்கில் வருவார். ‘ஊர்ல அப்பாவுக்குத்தான் பிபி’ என்று நினைப்பவர் தன் பிபியை எப்போது கடைசியாகப் பார்த்தார் என்று யோசிக்கலாம்.

அரக்கும் பச்சையும் குழம்பினால்

நிறம் பிரித்துப் பார்ப்பது பட்டுத் தொழிலில் பாதி வேலை. அரக்குக்கும் மெரூனுக்கும், கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் பார்டர் கெட்டுவிடும். ஆகவே நிறத்தில் கை வைக்கும் ஒரு மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: காசநோய்க்குக் கொடுக்கப்படும் எத்தாம்பியூட்டால்.

இந்த மருந்து சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். முதல் அறிகுறிகளில் ஒன்று, சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரிவது. பிறகு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்குவது. மருந்தின் அளவும் நாட்களும் கூடக் கூட ஆபத்து கூடும். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு இன்னும் அதிகம். இந்தியாவின் இப்போதைய காசநோய்ச் சிகிச்சையில் ஆறு மாதமும் இந்த மருந்து தொடர்கிறது. அதற்காக யாரும் தானாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் காசநோய் மருந்துக்கு அடங்காததாக மாறும் ஆபத்து உண்டு. செய்ய வேண்டியது, நிறம் மங்கிய அன்றைக்கே காசநோய்ப் பிரிவில் சொல்வது. சீக்கிரம் மாற்றினால் பார்வை பலருக்குத் திரும்புகிறது. ஒரு விதத்தில் சாயத் தட்டில் வேலை செய்பவர்களும் தறிக்காரர்களும் அதிர்ஷ்டசாலிகள்: மற்றவர்கள் கவனிக்காத நிற மாற்றத்தை அவர்கள் கண் முதலிலேயே பிடித்துவிடும். அதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காசநோய்க்குக் கண்ணில் வேறு கணக்கும் உண்டு. இருபதுகளிலும் முப்பதுகளிலும் உள்ள ஆண்களுக்குத் திடீரெனக் கண்ணுக்குள் ரத்தம் கசியும் ஈல்ஸ் நோய் இந்தியத் துணைக்கண்டத்தில் அதிகம் காணப்படுகிறது. காசநோய்க் கிருமிக்கு உடல் காட்டும் எதிர்வினையோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். ‘இந்த வயசுல என்ன ஆகப்போகுது’ என்பது இங்கேயும் பொருந்தாது.

மற்ற நோய்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். தைராய்டு கூடினால் இமை மேலே ஏறி, கண் வெளியே தள்ளியதுபோல் தெரியும். புகைபிடிப்பவர்களுக்கு அது இன்னும் மோசமாகும். காலையில் எழுந்ததும் முதுகு இறுகிப்போய், அவ்வப்போது ஒரு கண் சிவந்து வலிக்கும் இளைஞருக்குக் கடையில் வாங்கும் சொட்டு மருந்து தீர்வு இல்லை; அது முதுகெலும்பு வாதத்தோடு வரும் கண் அழற்சியாக இருக்கலாம். தொழுநோய் முக நரம்பைத் தாக்கினால் இமை மூடாது, கருவிழிக்கு உணர்ச்சி போய்ப் புண்ணாகும். பக்கத்து வேலூரை அடுத்த கரிகிரியில் உள்ள ஷீஃப்ளின் மையம் 1950-களில் தொழுநோய்க்கென்றே தொடங்கப்பட்டது. மூட்டுவாதம் கண்ணை வறளச் செய்யும், வெண்விழியை அழற்சியாக்கும். அதே மூட்டுவாதம்தான் டாக்டர் ஜி. வெங்கடசாமியின் விரல்களை முறுக்கி, மகப்பேறு மருத்துவராகும் அவரது கனவைக் கலைத்தது. வளைந்த விரல்களோடே கண் அறுவை சிகிச்சை கற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

ஒரு சொட்டு மருந்தும் ஒரு நாள் கூலியும்

சரி, வருடத்துக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்யுங்கள் என்றால் ஏன் செய்வதில்லை? விழிப்புணர்வு இல்லை என்று மேடையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். தறியின் பக்கமிருந்து பார்த்தால் காரணம் வேறு.

விழித்திரையை முழுதாகப் பார்க்கக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். அதன் பிறகு நான்கைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது. ஆபீஸ் வேலையில் இருப்பவருக்கு அது அரை நாள் லீவு. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு லீவு என்ற கணக்கே இல்லை. காலையில் வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறி, வரிசையில் நின்று, சொட்டு விட்டுக்கொண்டு திரும்பினால் அன்றைய தறி நின்றது நின்றதுதான். கூட வந்தவரின் வேலையும் சேர்ந்து நிற்கும். நன்றாகத் தெரியும் கண்ணுக்காக யார் அதைச் செய்வார்கள்?

அதனால் நெசவாளர்களை மருத்துவமனைக்கு வரச் சொல்வதைவிட, கேமராவை அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதே முறை. சொட்டு மருந்து இல்லாமலே பெரும்பாலானவர்களுக்கு விழித்திரைப் படம் எடுக்கும் கேமராக்கள் வந்துவிட்டன. ஒரு கண்ணுக்குச் சில நிமிடங்கள் போதும். அந்தப் படத்தைப் படிப்பதற்கும் வழி இருக்கிறது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் ‘ஜாமா’ இதழில் வெளியிட்ட, விழித்திரைப் படத்திலிருந்து சர்க்கரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு ஆய்வில் மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பங்கெடுத்தன. தமிழ்நாட்டு நோயாளிகளின் கண்களையும் பார்த்துக் கற்ற தொழில்நுட்பம் அது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் வந்து போனால்கூட அது நிறைய பேரைப் பிடித்துவிடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சுகர், பிபி மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதில் யாருக்கு என்ன நோய் என்ற பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘கடைசியாக விழித்திரை பார்த்த தேதி’ என்று ஒரு கட்டம் நிரப்பப்பட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் மாத்திரை கொடுக்க வருகிறவர் கேட்பார், வீட்டில் இருப்பவர்களும் கேட்பார்கள்.

ஆனால் படம் எடுப்பதோடு கதை முடிந்துவிடாது. முகாம்களின் பழைய நோய் அதுதான்: படம் எடுத்ததும் எண்ணிக்கை பதிவாகும், பேனர் கழற்றப்படும், ‘உடனே லேசர் தேவை’ என்று சீட்டு வாங்கியவர் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். லேசருக்குப் போனால் இன்னொரு நாள் கூலி. மாகுலா வீக்கத்துக்கு ஊசி என்றால் ஒரு தடவையோடு நிற்காது, மாதக்கணக்கில் போக வேண்டும். எனவே சீட்டு கொடுக்கும் அன்றைக்கே எந்த மருத்துவமனை, எந்தத் தேதி, போகவர யார் செலவு என்பது முடிவாகியிருக்க வேண்டும். இதற்கு ஆகும் பணம், பார்வை போன ஒரு நெசவாளரின் மீதி இருபது வருடக் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சில விஷயங்களுக்கு முகாம் தேதி பார்த்துக் காத்திருக்கவே கூடாது. வலியே இல்லாமல் ஒரு கண் திடீரென இருண்டால், அது விழித்திரைத் தமனி அடைப்பாக இருக்கலாம். கண்ணுக்கு வந்த பக்கவாதம். சில மணி நேரத்தில் விழித்திரை மீட்க முடியாமல் போய்விடும். திரை விழுந்ததுபோல் ஒரு கண் மறைந்து ஐந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், “சரியாயிடுச்சே” என்று விட்டுவிடக் கூடாது. அடுத்து மூளைக்கு வரப்போகும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக அது இருக்கலாம். இரண்டுக்குமே போக வேண்டியது பக்கவாதச் சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனைக்கு. கண்ணுக்குள் கொசுக்கூட்டம்போலக் கரும்புள்ளிகள் ஒரேயடியாகப் பெருகினாலும், மின்னல்போல வெளிச்சம் அடித்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்றபடி, நாளை எப்போது ஒதுக்குவது என்பதற்குத் தறியிலேயே பதில் இருக்கிறது. ஒரு பாவு நெய்து முடிந்து அடுத்த பாவைப் பிணைக்கும் வரைக்கும் ஓர் இடைவெளி எல்லோருக்கும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஏறித் தறி தானாகவே நிற்கும் நாட்களும் வரும். கேமராவோடு வருகிறவர்கள் அந்த நாட்களைக் கேட்டுக்கொண்டு வந்தால், கூட்டம் சேர்க்க மைக் கட்டிய ஆட்டோ தேவைப்படாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் அடுத்த முறை கண்ணாடிக்குப் பணம் அனுப்பும் முன், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது லீவில் ஒரு நாளை எடுத்துவைத்து, அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து வண்டியைக் கண் மருத்துவமனைக்கு விடலாம். திரும்பி வரும்போது அவருக்கு வெயில் கூசும். ஒரு கூலிங் கிளாஸ் கையில் இருக்கட்டும்.